சம்மதப் பெட்டி

பெண் பார்க்கப் போகும்போது பூ, பழத்தோடு சம்மதப் பெட்டியையும் கொண்டுபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூடத்தில் இருந்த எல்லோருடைய மணிக்கட்டிலும் குமரகுருவின் அத்தை ஒவ்வொரு வயராக ஒட்டிவிட்டாள். பெட்டி வரிசையாக ஒருவர் பின் ஒருவராக உடம்பின் மின்சாரத்தை அளந்து, சம்மதம் எவ்வளவு என்று திரையில் காட்டியது.

மாப்பிள்ளை குமரகுருவுக்கு எழுபத்தெட்டு. அடுத்த வயர் பெண் தமயந்திக்கு. அதிலும் எழுபத்தெட்டு.

"புள்ளி பிசகல பாருங்க. தட்டை மாத்திடலாம்," என்றாள் அத்தை.

குமரகுரு திரையைச் சந்தேகத்தோடு பார்த்தான். இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் அவன் வேலை. எதிலும் ஒட்டாமல் கிடக்கும் வயர், தனக்கு முந்தைய ஆளின் அளவையே திருப்பிக் காட்டும். பஜ்ஜி எடுக்கும் சாக்கில் குனிந்து பார்த்தான். தமயந்தியின் வயர் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

"கழட்டிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஆமா. எங்க சித்தப்பா முன்னாடியா என் மனசைக் காட்டணும்?"

"அப்போ என்னைப் பிடிக்கலையா?"

"தெரியலங்க. நீங்க வாயைத் திறந்ததே இப்பத்தான்."

பயத்தில் அவன் அளவு முப்பதுக்கு இறங்கியது. அடுத்த நொடியே அவளுடையதும் இறங்கியது.

"பயப்படுறதுலகூட என்ன ஒத்துமை," என்று அத்தை பூரித்துப்போனாள்.

தமயந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குனிந்து வயரை எடுத்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டாள்.

நாற்பத்தொன்று.

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். குமரகுருவுக்கோ வாயெல்லாம் பல்.