மீனுக்கு வைத்த குறி

இன்று அந்த மீனைத் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று மடிக்கணினியோடு மீட்டிங் அறையில் வந்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

மருந்துக்கடைகளில் பில் போடும் மென்பொருள் அவர்களுடையது. அதன் முகப்பில் ஒரு தங்கமீன் ஓயாமல் நீந்தும். வினாடிக்கு அறுபது தரம் மீன் வரைந்தே கடைக்காரர்களின் பழைய கம்ப்யூட்டர்கள் சூடேறிச் சாகின்றன என்று போன மாதமே சொன்னாள்.

மேனேஜர், முதலாளியின் மகளைக் கட்டியவன். ஆபீசில் அவனுக்குப் பெயரே ‘மாப்பிள்ளை சார்’. எல்லோர் எதிரிலும், கணினியின் சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பிராசசர் சுமை இரண்டே சதவீதம்.

“எங்கம்மா சுமை? மீன் மேல என்ன கோபம், முள்ளு குத்திருச்சா?”

ஆபீசே சிரித்தது. மறுநாளே அவளைப் புகார் போன் எடுக்கும் மேசைக்குத் தூக்கி அடித்தான். இவன் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று கறுவினாள்.

அந்த போனில்தான் ஒரு கடைக்காரர் சொன்னார்: “வேற எதையாவது திறந்தா மட்டும் மெஷின் மூச்சு விடுதும்மா.”

அவளுக்குப் பொறி தட்டியது. வேறு எதைத் திறந்தாலும் மீன் நின்றுவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலும்தான்! அப்பா எட்டிப் பார்த்ததும் புத்தகத்தை விரிக்கும் பிள்ளை மாதிரி. பக்கத்துக் கணினியிலிருந்து வேவு பார்த்தால்தான் திருடன் அகப்படுவான்.

நேரே அவனிடமே போய்ச் சொன்னாள். முழுசாகக் கேட்டுவிட்டு அவன் அறைக் கதவைச் சாத்தினான்.

“இதையே முதலாளி எதிர்ல சொல்ற தைரியம் இருக்கா?”

“ஏன் இல்லாம?”

இதோ, மீட்டிங் அறைக்கு முதலாளி வந்துவிட்டார். திரையில் நீந்தும் மீனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மீன் ஓடும் அந்தக் கணினியின் சுமையை அவள் தன் மடிக்கணினியில் காட்டினாள். அறுபத்து மூன்று சதவீதம். மீனை நிறுத்தினாள். மூன்று!

“இந்த மீனை வச்சவருக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஆனா ஆவன்னாகூடத் தெரியாது சார். பகட்டுக்காக ஊர்ல இருக்கற மெஷினையெல்லாம் கொன்னிருக்காரு.”

மாப்பிள்ளையை முறைத்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு மனசு குளிர்ந்தது.

முதலாளியின் முகம் ரத்தமாகச் சிவந்தது. மருமகனுக்கு இன்று அர்ச்சனைதான் என்று காத்திருந்தாள். அவரோ, “எடுத்துடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை சார் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“ரொம்ப தேங்க்ஸ்மா. அதை வரைஞ்சு வச்சதே மாமாதான். மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்ல அஞ்சு வருஷமா ஆள் தேடிட்டிருந்தேன்!”