காற்று புகுந்த இடம்

"இந்த மெஷின்ல யாரு கை வெச்சதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்ச நிமிஷமே அந்த ஆள் வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். யாரா இருந்தாலும் சரி."

தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் ரூமில் எல்லார் முன்னாலும் மேனேஜர் இப்படிச் சொல்லிவிட்டார். அந்த சாக்லேட் கம்பெனியில் பராமரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. சொன்ன சொல்லை அவர் மாற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. காலையிலிருந்து சாக்லேட் அச்சை விட்டு வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. கவிழ்த்துத் தட்டினால் பாதி விழுந்தது, பாதி ஒட்டிக்கொண்டது. சில்லரிலிருந்து வருகிற தண்ணீரில் சில்லிப்பே இல்லை.

அது பாய்லரின் மிச்ச நீராவியில் ஓடுகிற சில்லர். உள்ளே உப்புக் கரைசல் சுற்றிக்கொண்டிருக்கும். காற்று மட்டும் பொட்டளவும் இருக்கக் கூடாது. ஓட்டை விழுந்தால் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுக்காது. சத்தமில்லாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு குளிர்ச்சியைக் குறைத்துவிடும்.

சர்வீஸ் மெக்கானிக் மெஷினை நிறுத்தி, உள்ளே நைட்ரஜன் நிரப்பி, இணைப்பு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு வந்தான். ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழ் கிளம்பும். எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற ஆபரேட்டர், டார்ச் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

மேனேஜர் போன் பேச வெளியே போய்த் திரும்பியபோது, இரண்டு பேரும் மெஷினுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்," என்றான் மெக்கானிக். "உள்ளே எட்டிப் பாக்கற கண்ணாடி இருக்குல்ல, அதோட ரப்பர் வளையம் தேஞ்சு போச்சு. அதுக்கும் வயசாகுதே சார். யார் மேலயும் குத்தமில்ல."

"ஆமா சார்," என்றாள் அக்கா, கேட்காமலேயே.

அந்த 'ஆமா சார்'தான் அவருக்கு உறுத்தியது. கேட்ட கேள்விக்கே தலையாட்டலோடு நிறுத்திக்கொள்கிறவள், இன்று முந்திக்கொள்கிறாளே.

குனிந்து ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். போன மாதம் அவர் எதிரிலேயே மாற்றியது. கறுப்பு மெருகு இன்னும் போகவில்லை. சற்றுத் தள்ளி, கரைசலைச் சோதனைக்கு எடுக்கிற சின்ன வால்வைச் சுற்றித்தான் சோப்பு நுரை பொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. துடைக்க மறந்துவிட்டார்கள்.

அந்த வால்வைத் திறந்து கரைசல் எடுப்பது ஆபரேட்டர் வேலை.

"ஏம்மா, நீ போய் மேல தண்ணித் தொட்டியைப் பாத்துட்டு வா."

அக்கா மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் மேனேஜர் திரும்பினார்.

"என்னைப் பாத்தா உனக்குக் கேனையன் மாதிரி இருக்கா?"

"ஐயோ, இல்லைங்க சார்."

"அப்ப ஏன் என் காதுல பூ சுத்தற? ஓட்டை அந்த வால்வுலதானே?"

மெக்கானிக் கையிலிருந்த துணியை முறுக்கினான். "ஆமா சார். வால்வை முழுசா மூடல. மேல் மூடியையும் ஸ்பேனர் போடாம கையாலயே திருகிவிட்டிருக்கு. இப்ப இறுக்கியாச்சு. பம்ப் போட்டு உள்ள இருக்கற காத்தை உறிஞ்சிட்டா சாயங்காலம் தண்ணி சில்லுனு வந்துடும். இதோட விட்டுடலாமே சார்."

"கையால திருகினா பத்தாதுன்னு நான் தொண்டை வரள சொல்லிட்டிருக்கேன். தப்பு பண்ணினது ஒரு பக்கம். உன்னையும் கூட்டு சேத்துக்கிட்டுப் பொய் சொல்றா பாரு, அதுதான் எனக்கு ஆகல."

சொல்லும்போதே அவருக்கு மனசு சங்கடப்பட்டது. பொறுப்பான பெண். சில்லர் லேசாக முனகினால்கூட முதலில் அவள் காதில்தான் விழும். அவளை அனுப்பிவிட்டு யாரை வைத்து ஓட்டுவது? ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். இன்று இவளை விட்டால் நாளை இன்னொருத்தனை எந்த வாயால் கேட்பது?

"நாளையிலேர்ந்து அவ வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன்."

"சார், அவங்க அந்த வால்வைத் தொடவே இல்ல."

"பின்ன, பேய் வந்து தொட்டுதா?"

"விடுங்களேன் சார்."

"யாருன்னு சொல்லாம நீ இந்தக் கதவைத் தாண்ட முடியாது."

மெக்கானிக் பெருமூச்சு விட்டான். "ஞாயித்துக்கிழமை உங்க சம்பந்தியைக் கூட்டிட்டு வந்து மெஷினைச் சுத்திக் காட்டினீங்களாம். நீராவியை வெச்சுக் குளிர் உண்டாக்கறோம்னு சொன்னா அவர் நம்பலையாம். அந்த வால்வைத் திறந்து, கரைசலை ஒரு பாட்டில்ல பிடிச்சு அவர் கையிலயே குடுத்தீங்களாம்."

மேனேஜர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சம்பந்தி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அசந்து நின்றது நினைவுக்கு வந்தது. தான் சிரித்துக்கொண்டே மூடியைத் திருகியதும் வந்தது. ஸ்பேனரை எடுத்ததுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"அவ அங்கதானே நின்னா? ஒரு தடவை சரிபாத்திருக்கலாமே." குரல் இறங்கியிருந்தது.

"சார் மூடினதைப் போய் நாம சரிபாக்கறதான்னு கூச்சப்பட்டு விட்டுட்டாங்களாம்."

"சரி, இன்னிக்காவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பழி அவ தலையில இல்ல விழப் பாத்துது."

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். 'அந்த மனுஷன் சொன்ன சொல் மாற மாட்டார்ப்பா, உண்மை தெரிஞ்சா இப்பவே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவாரு. அவரு இல்லாம நாங்க என்ன பண்றது'ன்னாங்க."