இரண்டு ஓவன் அடுப்பு

"அண்ணி, உங்க கேக்கு மேல கருகுது, உள்ள மாவா கெடக்கு. பக்கத்து ஓவனப் பாருங்க, அது ஜம்முன்னு உப்பி வருது!"

கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னாள் நாத்தனார் வளர்மதி. மலர்கொடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்குப் பிறந்தநாள். சாயந்தரம் அரியலூர்ச் சொந்தமெல்லாம் பெரம்பலூர் வந்து இறங்கிவிடும்.

புருஷன் வாங்கிப் போட்ட பெரிய அடுப்பு அது. அதில் இரண்டு ஓவன். ஒன்று சாதா. இன்னொன்றில் உள்ளே ஃபேன் சுற்றும், சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். அந்த நல்லதைத்தான் மகளிர் குழுத் தோழி வெற்றிச்செல்விக்கு விட்டுக்கொடுத்திருந்தாள் மலர்கொடி. வெற்றிச்செல்வி கேக் ஆர்டர் எடுப்பவள். அவள் வீட்டில் ஓவன் கிடையாது; இன்றும் இங்கேதான் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு சாதாவே போதும் செல்வி. ஃபேன் ஓவன நீயே வச்சுக்க."

இந்தக் காலத்தில் யாருக்கு வரும் இந்த மனசு என்று குழுவே மெச்சியது.

"அடியில சூடு பண்ற காயில் போயிடுச்சு போலருக்கு," என்றாள் மலர்கொடி. கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"வூட்டுக்காரங்க தவிக்கிறாங்க, வந்தவங்க நிம்மதியா கேக்கு சுடுறாங்க." வளர்மதி வெற்றிச்செல்வியின் காதில் விழும்படியே சொன்னாள்.

வெற்றிச்செல்விக்குச் சுருக்கென்றது. உள்ளே வெந்துகொண்டிருப்பது சிறுவாச்சூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். பாதியில் வெளியே எடுத்தால் அமுங்கிப் போகும், தெரியும்.

எடுத்துவிட்டாள்.

"என்னா செல்வி இது!"

"புள்ள கேக்குதாங்க்கா முக்கியம். நான் அவங்கள்ட்ட நேரம் கேட்டுக்கறேன். இன்னொரு டின்னுல மாவு ரெடியாத்தானே இருக்கு? வைங்க. நூத்தி அறுபது டிகிரில கெடக்கு, ஃபேனுக்கு அது போதும். சூடு ஆறுறதுக்குள்ள வைங்கக்கா."

மலர்கொடி டின்னைத் தொடவில்லை.

"இல்ல செல்வி, வேணாம். பேக்கரில சொல்லிக்கறேன்."

"ஏங்க்கா? நல்ல மாவு வீணாப் போவுமே."

"போனாப் போவுது, விடு."

வெளியே எடுத்த கேக் அதற்குள் நடுவில் குழி விழுந்திருந்தது. வெற்றிச்செல்வி அதை ஒரு தடவை பார்த்தாள். சிறுவாச்சூர்க்காரர்களிடம் கெஞ்சப் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். கண் கலங்கியிருந்தது.

இப்போது வளர்மதிக்கே பொறுக்கவில்லை.

"பாவம் அண்ணி. ஒங்களுக்காகத்தானே அது பாதில எடுத்துச்சு? அந்த ஓவன்லயே வச்சிருக்கலாம்ல?"

மலர்கொடி வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ எந்தத் தெருன்னு ஒனக்குத் தெரியாதா? அவ பொழங்கற ஓவன்ல நம்ம புள்ள கேக்க எப்புடி வைக்கறது? இந்தக் கலப்பே வேணாம்னுதானே ஒண்ண அவளுக்குன்னே விட்டேன்!"