ஃபைல் வைத்திருந்த கார்கள்

விபத்து இல்லை, பள்ளம் இல்லை, பால வேலையும் இல்லை. ஆனாலும் வார நாட்களில் ஒன்பதரை மணி ஆனால் நெடுஞ்சாலை அந்த இடத்தில் மட்டும் அடைத்துக்கொள்வது ஏன் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

“ரோடு போட்டவனை நிக்க வெச்சு கேக்கணும்! மூணு புகார் எழுதிட்டேன்” என்று மடியிலிருந்த ஃபைலில் அறைந்தாள். “பத்து மணிக்கு நான் பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கணும்.”

“ரோடு என்னம்மா பண்ணும்?” டாக்சிக்காரர் எரிந்து விழுந்தார். “பக்கத்து கார்களைப் பாருங்க. எல்லார் மடியிலயும் ஃபைல். அத்தனை பேரும் அதே ஆபீஸுக்குத்தான். இருக்கிறது ஒரே கேட். அந்த வரிசையோட வால்தான் இது.”

“கொஞ்சம் முன்னாடி கிளம்பினா என்னவாம்?”

“பத்துக்கு முன்னாடி கேட்டையே திறக்க மாட்டாங்க. பத்து நிமிஷம் பிந்தினா திருப்பி அனுப்பிடுவாங்க. போன மாசம் என்னை அனுப்பினாங்க. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க முடியாம, கைக்கு வந்த வெளிநாட்டு வேலை போச்சு. எல்லாருக்கும் பத்து மணின்னு எழுதின புத்திசாலி மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

அவள் மடியிலிருந்த ஃபைலை மெல்லப் பைக்குள் வைத்தாள்.

பத்தேகாலுக்கு வாசலை அடைந்ததும் காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தார். “மேடம், லேட்டா வந்தவங்க முப்பது பேர் நிக்கிறாங்க. திருப்பி அனுப்பிடவா?”

டாக்சிக்காரரின் முகம் வெளுத்தது.

“ஒருத்தரையும் அனுப்பாதீங்க. இவரையும் உள்ள கூட்டிட்டு வாங்க” என்றாள்.

‘எல்லாருக்கும் பத்து மணி’ என்பது, கவுண்டர்கள் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாதென்று அவளே போட்ட உத்தரவு. அதை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: ‘இனி பத்து மணிக்கு இருபது பேர். அதன்பின் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் இருபது பேர்.’