செல்ஃப் மட்டும் சுற்றும்

"இந்த எலக்ட்ரானிக் இக்னிஷனை மாட்டிட்டா ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆயிரும் சார். ஆனா உங்களுக்கு மட்டுமில்ல, திருட வர்றவனுக்கும்தான். அதையும் யோசிச்சுக்குங்க" என்றான் எலக்ட்ரீஷியன், பானெட்டுக்குள் இருந்து தலையை எடுக்காமலேயே.

வண்டிக்காரர் லேசாகச் சிரித்தார். அதிர்ந்து பேசாத மனிதர். தன்னைவிட வயதில் மூத்த அந்தக் காரைத் துடைத்துத் துடைத்தே கண்ணாடியாக்கி வைத்திருந்தார்.

"யோசிக்காமலா உன்னைக் கூப்பிட்டேன் தம்பி? ஏற்கெனவே ரெண்டு தடவை முயற்சி நடந்தாச்சு."

"ரெண்டு தடவையா!"

"முதல் தடவை நல்ல மழை. எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற பாயிண்ட் நனைஞ்சு, பாலத்துக்கிட்டயே வண்டி நின்னுபோச்சு. போய்க் கொண்டு வந்தேன். அடுத்த தடவை கேட் வரைக்கும் போயிருச்சு. நான் முழிச்சுட்டேன்."

"பூட்டை உடைச்சிருந்தானா?"

"இல்லையே."

"அப்போ கள்ளச்சாவி இருக்கு. தெரிஞ்ச ஆள்தான் சார். கூடவே இருந்து குழி பறிக்கிற கூட்டம்."

"இருக்கும்" என்றார் அவர், நிதானமாக.

அந்த நிதானம் எலக்ட்ரீஷியனுக்கு வியப்பாக இருந்தது. அவனுடைய பைக் வாசலிலிருந்து காணாமல் போனபோது அவனால் அப்படி இருக்க முடியவில்லை. பைக் போனதுகூடப் பெரிதில்லை. எவனோ ஒருவன் தன் வாசலில் நின்று, தான் தூங்குகிறோமா என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறான் என்ற நினைப்புதான் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. வெகுநாள் வரை, இலை உதிர்ந்தாலும் எழுந்து உட்கார்ந்தான். "பைக்கோட உங்க தூக்கத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டான்" என்பாள் மனைவி. அதனால் இந்த மனிதரின் கஷ்டத்தை அவன் தன் கஷ்டமாகவே எடுத்துக்கொண்டான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கரிந்துபோன பாயிண்ட்டையும் கண்டன்சரையும் எடுத்துப் போட்டான். அந்த இடத்தில் சின்னக் கறுப்புப் பெட்டியைத் திருகி, நடுத்தண்டில் காந்த வளையத்தைச் செருகினான். கறுப்பு ஒயர் காயிலின் மைனஸுக்கு. சிவப்பு, பிளஸ்ஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் பெட்டி கருகிவிடும். சிவப்பு ஒயரைக் கையில் பிடித்தவன் அப்படியே நின்றான்.

"சார், எனக்கு ஒண்ணு தோணுது. இதை நேரா கொடுக்காம, நடுவுல ஒரு சுவிட்ச் வெச்சு ஒளிச்சுடறேன். அது ஆஃப்ல இருந்தா செல்ஃப் மோட்டார் மட்டும் சுத்தும். எஞ்சின் பிடிக்காது."

"செல்ஃபும் சுத்தாம பண்ண முடியாதா?"

"முடியும். ஆனா பண்ணக்கூடாது. வண்டி அசையாமக் கிடந்தா வந்தவன் உஷாராகி ஓடிருவான். செல்ஃப் சுத்திச்சுன்னா, இதோ பிடிச்சிரும், இதோ பிடிச்சிரும்னு சாவியைத் திருப்பிக்கிட்டே இருப்பான். அந்தச் சத்தத்துல நீங்க எழுந்து வந்து ஆளையே அமுக்கிடலாம். ஆசை காட்டித்தான் சார் மோசம் பண்ணணும்."

வண்டிக்காரர் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார். "பலே ஆளுய்யா நீ."

அவன் உச்சி குளிர்ந்துபோனான்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். டம்ளரைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அந்தச் சுவிட்ச்சை எங்க வைப்பீங்க?"

"அதை மட்டும் கேட்காதீங்கக்கா. மூணாவது காதுக்குப் போனா ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி. சார் ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும்."

"திடீர்னு குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா?"

"நான் எங்க போயிட்டேன்?" என்றார் கணவர்.

அவள் எலக்ட்ரீஷியனையே பார்த்தாள். "வீட்டு ஆளு, வெளியாளுன்னு அதுக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அது என்ன நாயாக்கா, ஆளைப் பார்த்து வாலாட்ட? சுவிட்ச் போடலைன்னா எங்கப்பனே வந்தாலும் கிளம்பாது!"

தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பாவம், இவளும் தூக்கம் தொலைத்தவள்தான் என்று நினைத்துக்கொண்டான். பயம் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எல்லார் முகத்திலும்தான் குடியிருக்கும். நாளையிலிருந்து நிம்மதியாகத் தூங்குவாள்.

அவள் உள்ளே போன பிறகு, சுவிட்ச்சை ஒளித்துவைத்து, இடத்தை வண்டிக்காரரின் காதில் சொன்னான். அவர் சுவிட்ச்சைப் போட்டுச் சாவியைத் திருப்பினார். தொட்டதுமே எஞ்சின் உறுமியது. அணைத்தார். சுவிட்ச்சையும் அணைத்தார். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்க வா. நீ ஒரு தடவை போட்டுப் பாரு."

"எனக்கெதுக்குங்க?"

"பாரும்மா. தம்பி இவ்வளவு பாடுபட்டிருக்கான்ல?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். மறுபடியும். எலக்ட்ரீஷியன் பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. கண்கள் கேட்டின் மேலேயே இருந்தன.

"போதும்கா, பேட்டரி இறங்கிரும்."

வண்டிக்காரர் ஜன்னல் வழியே கையை விட்டு, சாவியைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப நம்பறியா?" என்றார், அதே நிதானத்தோடு. "உள்ள போய், கட்டி வெச்சிருக்கிற அந்தத் துணிப்பெட்டியைப் பிரி. உன் துணி, குழந்தை துணி எல்லாத்தையும் பழையபடி அலமாரியில அடுக்கி வை."