லெமுவேல் விழுந்த மேடு

பள்ளிப் பேருந்து எதுவும் வராத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டாக்கெட் குடும்பம் வேனிலிருந்து இறங்கியது.

ஐந்து பிள்ளைகள். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை. அன்று பூங்காவில் கூட்டமே இல்லை. ஆனாலும் அம்மா இரண்டு முறை தலைகளை எண்ணினாள்.

அப்பா ராய்ஸ் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். இந்தப் பெயர் வடக்கே அல்லவா அதிகம் என்றார்.

வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரின் களம் இது. டென்னசியின் இந்தப் பூங்காவில் நான் பதினாறு வருடமாக ரேஞ்சர், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டிக் கதை சொல்பவன். வீட்டிலேயே பாடம் நடத்தும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் கற்றுக்கொள்ள வருவதில்லை. தங்களுக்குத் தெரிந்ததை நம்மிடம் சொல்ல வருகிறார்கள்.

முதல் பீரங்கி அருகிலேயே ராய்ஸ் தொடங்கிவிட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா, லெமுவேல் டாக்கெட், தெற்குப் படையில் கொடி பிடித்தவராம். 1862 நவம்பரில் இதே களத்தில், கொடியை விடாமல் செத்தாராம். வயது இருபத்திரண்டு.

பதினாறு வருடத்தில் இங்கே கொடி பிடித்துச் செத்த நாற்பது தாத்தாக்களைச் சந்தித்திருக்கிறேன். படையில் இருந்த கொடிகள் மூன்று.

இரண்டாவது நிறுத்தத்தில் அடிமைகளைப் பற்றிச் சொன்னேன். இந்தப் பருத்தி வயலில் வேலை செய்தவர்கள், அவர்களை விற்ற விலை, அதற்காகத்தான் இந்தச் சண்டை என்பது. கடைசிப் பிள்ளை, ஒரே பெண் கெசியா மட்டும் பென்சிலை எடுத்தாள். அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்.

ராய்ஸ் அவள் தோளில் கை வைத்தார்.

"தம்பி சொல்றதக் கேட்டுக்கோங்க. எழுதிக்க வேண்டாம். அவரு சம்பளத்துக்குப் பேசுறாரு."

பையன்கள் சிரித்தார்கள். கெசியா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

பிறகு ராய்ஸ் தானாகவே ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தார். லெமுவேல் இங்கேதான் விழுந்திருக்க வேண்டும், நிலத்தின் அமைப்பைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நீளமாக ஜெபம் செய்தார்.

கழிவறை கட்டுவதற்காகத் தோண்டிய மண்ணை எங்கள் ஆட்கள் கொட்டியதால் உண்டான மேடு அது. நான் சொல்லவில்லை. அவரை மடக்க இதைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்கும் என்று தோன்றியது.

மதியம் புல்வெளியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பிரித்தார்கள். அதற்குள் பிள்ளைகள், காலையில் நான் கொடுத்திருந்த கேள்விப் புத்தகங்களை எழுதி முடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினால், நான் படித்துக் கையெழுத்துப் போட்டு, உறுதிமொழி வாங்கிக்கொண்டு, இளம் ரேஞ்சர் பேட்ஜ் கொடுக்க வேண்டும். கெசியா தன்னுடையதை இரண்டு கையாலும் நீட்டினாள். கடைசிவரை படித்துவிடுங்கள் சார் என்றாள். தலையாட்டினேன்.

சாப்பாட்டு வேளையில் புத்தகங்களைப் படிப்பதுதான் வழக்கம். அன்று நான் ஆவண அறைக்குப் போனேன்.

தேடியது முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது. படைப்பிரிவின் பெயர்ப் பதிவேடு, நகல்தான். 'டாக்கெட், லெமுவேல். நவம்பர் 11 இரவு முதல் காணோம். ஓடிப்போனவன்.'

சண்டை நடந்தது பன்னிரண்டாம் தேதி.

கேட்டால்தான் அந்தப் பதிவேட்டை வெளியே எடுப்போம். யாரும் கேட்கவில்லை. நான் எடுத்தேன். வரவேற்பு மேசையில், குடும்பம் முழுவதும் சூழ்ந்து நிற்க, உங்கள் முன்னோரின் பெயர் இதில் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். அவரே வாயைத் திறந்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எழுத்துகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்து எழுதிய அந்தக் காலத்துச் சாய்ந்த கூட்டெழுத்து. ராய்ஸ் குனிந்து பார்த்தார், கண்ணைச் சுருக்கினார். பிறகு பெருமையாக நிமிர்ந்தார்.

"இப்ப ஸ்கூல்ல கூட்டெழுத்தே சொல்லிக்குடுக்கறதில்ல. எம் மக வாசிப்பா, பாருங்க தம்பி."

இன்னும் நல்லது என்று நினைத்தேன்.

கெசியா விரலை வைத்து வரியைக் கண்டுபிடித்தாள். விரல் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் உதவிக்கு வரவில்லை.

"டாக்கெட், லெமுவேல். நவம்பர் பன்னெண்டு. கொடி புடிச்சவர். களத்துல விழுந்தார்."

குரலில் ஒரு தடங்கல்கூட இல்லை. ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அவர் முதுகைத் தடவினாள். பதிவேட்டை மூடியதும் கெசியாதான்.

வீட்டில் வேறு என்னத்தைக் கற்றுக்கொடுத்தார்களோ, பொய்யை நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் பேட்ஜுக்காக வரிசையில் நின்றுவிட்டார்கள்.

புத்தகங்களைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். கையெழுத்துக் கோடு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, கடைசிக் கேள்விக்குக் கீழே. இன்று நீங்கள் அறிந்தவர்களில் துணிச்சலானவர் யார், ஏன்? நான்கு பையன்களும் அப்பா சொன்னதை எழுதியிருந்தார்கள்.

ஐந்தாவது புத்தகத்தில் அழகான கூட்டெழுத்து.

'லெமுவேல் டாக்கெட். அவர் இங்கே சாகவில்லை. எங்கள் வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பயிற்சிக்கு நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன். அவருடைய ஒரே மகன் பிறந்தது 1866. அவர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். அதனால்தான் நாங்கள் இருக்கிறோம். சார், தயவுசெய்து அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.'

நிமிர்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவள் உறுதிமொழிக்காக வலது கையைத் தூக்கியபடி நின்றிருந்தாள்.

புத்தகம் மதியத்திலிருந்து என்னிடம்தான் இருந்தது.