மோப்பம் பழக்கிய தையல்காரர்

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல்காரர் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. கொஞ்சம் நடக்கச் சொன்னால் எரிந்து விழுந்தார்.

ஒருநாள் மகள் ஒரு நாயோடு வந்தாள். "அப்பா, இதுக்கு மோப்பம் பிடிக்கப் பழக்கணும். நீங்க நடந்து போய் எங்கேயாவது ஒளிஞ்சுக்கணும். உங்க சாக்ஸை மோந்து பார்த்துட்டு இது தேடி வரும். எனக்கு வேற யாருப்பா இருக்கா?"

முணுமுணுத்துக்கொண்டே போய்த் தெருமுனை மரத்துக்குப் பின்னால் நின்றார். ஐந்தே நிமிடத்தில், மகளை இழுத்துக்கொண்டு வந்த நாய் அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, நான் சொல்லிக் கொடுத்தா கழுதைகூடக் கத்துக்கும்!"

அதன்பிறகு தினமும் தூரம் கூடியது. நாயை ஏமாற்ற நூலகத்தைச் சுற்றினார், மேம்பாலம் ஏறி இறங்கினார். பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். இரண்டு மாதத்தில், மாடி ஏறினால்கூட அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

அன்று பூங்காவில் நாய் அவரைக் கண்டுபிடித்த நேரம், அவ்வழியே வந்த போலீஸ்காரர் ஒருவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் என் பயிற்சி சார். ரெண்டே மாசம்!"

"சல்யூட் உங்களுக்கு இல்லீங்க, இவருக்கு" என்று போலீஸ்காரர் நாயின் தலையைத் தடவினார். "எங்க மோப்ப நாய்ப் படையில எட்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவரு. எத்தனை திருடனைப் பிடிச்சிருக்காரு தெரியுமா?"

தையல்காரர் மகளை முறைத்தார்.

"அப்போ இத்தனை நாளா யாருக்குடி பயிற்சி?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அதான் நல்லா தேறிட்டீங்களேப்பா!"